சூடாக்கிய வெள்ளை வைன்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்வது மரியாதை. என் வாழ்க்கையில் முதன்முதலாகப் பரிமாறிய வெள்ளை வைனை, பால் காய்ச்சும் சட்டியில் ஊற்றி, விரல் பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சி, கைப்பிடி இல்லாத பீங்கான் கோப்பையில் கொடுத்தேன். வாங்கிக் குடித்தவர்கள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அவர்கள் எத்தனையோ நாட்டில் வைன் குடித்திருப்பார்கள். ஆனால் ஊதி ஊதிக் குடித்தது எங்கள் தோட்டத்தில் மட்டும்தான் என்று அடித்துச் சொல்வேன்.

இந்தக் கதையைச் சொல்லி நூறு இடத்தில் ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவர்கள் சிரிப்பார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் எங்கள் தோட்டத்து பங்களாவில் நான் செய்த முட்டாள்தனம் இரண்டு. முதலாவதைத் திரும்பத் திரும்பச் சொல்லி இரண்டாவதை மறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். இன்றைக்கு இரண்டையும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் அந்த பங்களாவில் சமைத்த குசினி அக்காவைப் பற்றி எழுத முடியாது.

அந்தக் கோப்பையிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளைப் பீங்கான், விளிம்பில் பிறை நிலா மாதிரி ஒரு சிராய்ப்பு. தேயிலை ஸ்டோரில் ருசி பார்க்கும் மேசைக்கு உரியது அது. ஸ்டோர் என்றால் கடை இல்லை, எங்கள் பேச்சில் தேயிலைத் தொழிற்சாலை. இலங்கையில், புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறும் பாதையில், ஒரு பக்கம் இறப்பரும் மறு பக்கம் தேயிலையுமாக இருந்த தோட்டத்தில், அந்த மேசையைக் கழுவித் துடைப்பதுதான் என் முதல் வேலை. காலையில் கோப்பைகளை வரிசையாக வைப்பேன். டீமேக்கர் ஐயா கரண்டியால் அள்ளி, வெளியே படுத்திருக்கும் நாய் எழும்பி ஓடும்படி ‘சர்ர்ர்’ என்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுழற்றுச் சுழற்றி, எச்சில் பானையில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். ஆறின தேயிலைச் சாயம் பொய் சொல்லும், சூட்டில்தான் குற்றம் வெளியே வரும் என்பது அவருடைய கட்சி. அந்த ஒன்றைத்தான் நான் எட்டு வருடம் அங்கே நின்று படித்தேன். கோப்பையில் ஊற்றிக் கொடுக்கிற எதையும் சூடாகக் கொடுப்பதுதான் நேர்மை என்று என் மண்டையில் ஏறியிருந்தது.

பிறகு நாட்டில் சண்டை ஓய்ந்த மாதிரி இரண்டு மூன்று வருடங்கள் வந்தன. வெள்ளைக்காரர்கள் மறுபடியும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். கம்பெனிக்காரர்கள் பூட்டிக் கிடந்த பழைய பெரிய பங்களாவுக்குச் சுண்ணாம்பு அடித்து விருந்தினர் விடுதி ஆக்கினார்கள். யாருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று தோட்டத்து மனேஜர் துரை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கேட்டார். நான் “யெஸ் சார்” என்றேன். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை. மறுநாள் எனக்கு வெள்ளைச் சட்டை வந்தது, கூடவே பரிமாறுகிறவனுக்குரிய பங்களா அப்பு என்ற பட்டமும் வந்தது. பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு அக்காவைக் குசினிக்கு எடுத்தார்கள். அதற்கு முன் அவர் பதினைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு உறவு இல்லை. ஆனால் துரையைத் தவிர அந்தத் தோட்டமே அவரைக் குசினி அக்கா என்றுதான் கூப்பிட்டது.

கொழும்பிலிருந்து லொறியில் வைன் பெட்டிகள் வந்தன. இருப்பதிலேயே விலை குறைந்த வெள்ளை வைன், மூன்று சாதி. ஒரு போத்தலில் குருவிப் படம், ஒன்றில் மாளிகைப் படம், ஒன்றில் படமே கிடையாது. பேர் வாசிக்க வராததால் அவற்றைக் குருவி, மாளிகை, மொட்டை என்று கூப்பிட்டேன். அன்றைக்கு மொட்டையைத்தான் சட்டியில் ஊற்றினேன். வாசனை கிளம்பியதும், விறகு அடுப்புப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

“ஏன்டா, பழைய சோத்து நீத்தண்ணிய எதுக்கு அடுப்புல ஏத்துற?”

“இது வைன்க்கா. வெள்ளக்காரவங்க குடிக்கிறது.”

“எவன் குடிச்சா என்னா? புளிச்ச வாடை அடிக்குது. புளிச்சத சுட வச்சா கெட்டுப் போகாதா?”

நான் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டவன் குசினியில் இருக்கிறவர் சொல்லைக் கேட்பதா? கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வெள்ளைக்கார அம்மா ஒரு வாய் வைத்தார், என்னைப் பார்த்தார், பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பாவம், முழுவதையும் குடித்தும் முடித்தார். துரைக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர் என்னைத் திட்டியதில் பாதி எனக்குப் புரியாத இங்கிலீஷ், அதனால் பாதிதான் வலித்தது.

நான் குசினிக்குத் திரும்பி வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். அக்கா எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. ஸ்டோரில் கழித்துப் போட்ட கோப்பைகளில் ஐந்தாறை அவர் குசினிக்கு எடுத்து வந்திருந்தார். சிராய்ப்பு விழுந்த கோப்பையை எடுத்து, போத்தலில் மிச்சமிருந்த சூடாக்காத வைனை அதில் ஊற்றி, ஒரு கரண்டி அள்ளி, டீமேக்கர் ஐயாவே தோற்றுப்போகும்படி உறிஞ்சினார். யன்னலுக்கு வெளியே கறுவேப்பிலை மரத்தடியில் துப்பினார். பிறகு காய்ந்த மிளகாயும் வெங்காயமும் சேர்த்து அம்மியில் அரைத்து வைத்திருந்த கட்டச்சம்பலை ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, மறுபடியும் ஒரு கரண்டி உறிஞ்சினார், மறுபடியும் துப்பினார்.

“சம்பலுக்கு நல்லாத்தான் இருக்கு,” என்றார், ஏதோ உப்புப் பார்த்த மாதிரி.

அக்காவுக்குச் சாராயம், கள்ளத்தனமாக வடிக்கும் கசிப்பு, கள்ளு எதுவும் ஆகாது. கசிப்பு அவர் வீட்டில் செய்த வேலையை இங்கே எழுத வேண்டியதில்லை, லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்குத் தெரியும். புருசனை வாடையோடு வாசல்படி ஏற விடாதவர். அதனால் ஒரு சொட்டும் தொண்டைக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். விருந்தினர் போன பிற்பகல்களில் போத்தல்களின் அடியில் மிஞ்சியதைக் கோப்பைகளில் ஊற்றி வரிசையாக வைப்பேன். அவர் அன்றைக்கு எங்களுக்கு ஆக்கியதை ஒவ்வொரு வாயாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பையாகப் போவார். பொரித்த நெத்தலிக்கும் அவித்த மரவள்ளிக்கிழங்குக்கும் குருவி. அது கூர்மையான புளிப்பு, கருவாட்டுக்கு எலுமிச்சம்புளி விட்ட மாதிரி எண்ணெயை அறுத்துவிடும். கட்டச்சம்பலுக்கும் ரொட்டிக்கும் மொட்டை. அதில் லேசான இனிப்பு உண்டு. மாளிகையில் மரப்பெட்டி வாசனை. அது எதனோடும் ஒத்துப்போகாமல் ஒரு மாதம் முரண்டு பிடித்தது. கடைசியில் சுட்ட பலாக்கொட்டையோடு போய் அடங்கியது. யாரோ விருந்தாளி விட்டுப்போன சிவப்பு வைனை ஒரே ஒரு தரம் சம்பலோடு பார்த்துவிட்டு, “இது உறைப்ப விசிறி விடுது, தூக்கு அங்கால” என்று ஒதுக்கிவிட்டார். பிற்பாடு நட்சத்திர ஹோட்டல் வகுப்பில் என்னிடம் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்தவற்றில் பாதி இவைதான், பெயர்கள் மட்டும் வேறு.

பங்களாவில் நடப்பது லயத்துக்குப் போக எவ்வளவு நேரம்? குசினி அக்கா தண்ணி போடுது என்று பேச்சு கிளம்பியது. ஒருநாள் தோட்டத்துச் சங்கத் தலைவர் நான்கு பேரோடு குசினிப் பின்கதவில் வந்து நின்றார். பொம்பளைப் பிள்ளைகள் கெட்டுப்போகும், கோயில் திருவிழா வருகிறது என்று நீளமாகப் பேசினார். அக்கா மாவு பிசைந்த கையைக் கழுவாமலே வெளியே வந்தார்.

“டீமேக்கர் ஐயா ஒரு நாளைக்கு நாப்பது கோப்பைய வாயில ஊத்தித் துப்புறாரு. அவருக்கு ஐயான்னு சலாம் போடுறீங்க. நான் மூணு கோப்பையத் துப்புனா குடிகாரியா? வாங்க தலைவரே, வாய மோந்து பாருங்க. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா உங்க வாயையும் நான் மோந்து பாக்குறேன்.”

நான்கு பேரில் மூன்று பேர் உடனே பின்னால் நகர்ந்தார்கள். தலைவர் திருவிழாவுக்குத் தேங்காய் எத்தனை வேண்டும் என்று பேச்சை மாற்றிக்கொண்டு போனார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் துரை அந்தச் செய்தியைச் சொன்னார். வெளிநாட்டு ஆட்களை அழைத்துவரும் ஒரு கம்பெனியிலிருந்து ஒரு சிங்கள மேடம் பகல் சாப்பாட்டுக்கு வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் வருடம் முழுக்க விருந்தினர் வருவார்கள். ஆகவே கொழும்பிலிருந்து ஒரு குக்கு வருவார், சரிவந்தால் அவரே நிரந்தரம். “நீ திரும்ப மலைக்குப் போகலாம்,” என்றார் அக்காவைப் பார்த்து. மலைக்கு என்றால் கொழுந்து எடுக்க. அட்டைக்கடியோடும் கூடைக் கயிற்றோடும் பதினைந்து வருடம் நின்ற அதே மலைக்கு. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “நம்ம சாப்பாட்ட ஒரு தரம் அந்த மேடத்துக்கு வச்சுப் பாக்கலாங்களே, தொரை?” துரை சிரித்தார். தோட்டத்துச் சாப்பாடு தோட்டத்துக்குத்தான், அதை வைன் குடிக்கிறவர்கள் முன்னால் வைத்தால் தன் மானம் போய்விடும் என்றார்.

அந்தச் சிரிப்பை அக்கா குசினிக்குக் கொண்டுவந்தார். அன்று முழுக்கச் சட்டிகள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கொழும்புக் குக்கு நல்ல மனுசர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளைச் சோஸ் ஊற்றிய கோழி, அவித்த கரட், அவித்த போஞ்சிக்காய். படம் அழகாக இருக்கிறது என்று மாளிகையைத் தெரிந்தெடுத்தார். அக்காவுக்குக் கரட் சீவும் வேலை கொடுத்தார். அக்கா சீவினார். சீவி முடித்துவிட்டு, பின்பக்கத்து விறகு அடுப்பை மூட்டித் தேங்காய்ப்பூ ரொட்டி சுட்டார், சம்பல் அரைத்தார், கிழங்கு அவித்தார், நெத்தலி பொரித்தார். தட்டுகளை நீட்டி, குருவியையும் மொட்டையையும் ஐஸ் வாளியில் வைத்து, எது எதற்கு என்று எனக்குச் சொன்னார். நான் காலை மாற்றி மாற்றி நின்றேன்.

“தொரை கொன்னுப்போடுவாருக்கா.”

“தூக்கிட்டுப் போ. இல்லாட்டி நானே தூக்கிட்டு வாறேன், இந்தக் கரிச் சீலையோட.”

தூக்கிக்கொண்டு போனேன். மேடம் கோழியை முள்ளுக்கரண்டியால் ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தார். ரொட்டியைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் பிய்த்தார். சம்பல் தொட்டார், மொட்டையை ஒரு வாய் குடித்தார், நிறுத்தினார், மறுபடியும் அதே வரிசையில் செய்தார். துரையின் காது சிவந்துகொண்டே வந்தது. அப்போது மேடம் நிமிர்ந்து, இதற்கு இந்த வைனைத் தெரிந்தெடுத்தது யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

“நான்தான், மேடம்,” என்றேன்.

இதுதான் இரண்டாவது முட்டாள்தனம். வைனைச் சூடாக்கியதற்காவது எனக்கு ஒரு நியாயம் இருந்தது, இதற்கு ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சட்டை பேசியது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் சட்டைக்குள் இருந்தவன் நான். துரை முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ஓரங்குலம் உயரம் கூடியது. பாதி திறந்திருந்த குசினிக் கதவுக்குப் பின்னால் சீலைத் தலைப்பு அசைவது தெரிந்தது. தெரிந்தும் சும்மா நின்றேன்.

“நல்லது. ஏன் சம்பலுக்கு இது, மற்றது ஏன் இல்லை?” என்று மேடம் கேட்டார்.

அத்தனை பிற்பகல்கள் பக்கத்திலேயே நின்று பார்த்தவன் நான். “மேடம்... அந்தப் போத்தல்தான் கைக்குக் கிட்ட இருந்துச்சு,” என்றேன்.

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார். துரையின் சிரிப்பு வந்த வழியே போனது. ரொட்டியும் சம்பலும், அக்காவின் பிழைப்பும், எல்லாம் என் ஒரு வாக்கியத்தில் கவிழப்போகிற நேரத்தில் குசினிக் கதவு முழுதாகத் திறந்தது. தோட்டத்து ஆட்கள் அந்தக் கதவைத் தாண்டிச் சாப்பாட்டு அறைக்குள் வருவதில்லை, சட்டை போட்ட அப்புவைத் தவிர. அக்கா வந்தார். கையில் சிராய்ப்பு விழுந்த அந்தக் கோப்பை.

“உன்னை யாரு உள்ளே வரச் சொன்னது?” என்றார் துரை.

“யாருஞ் சொல்லலிங்க, தொரை. இவன் சொல்லத் தெரியாம நிக்கிறான். அதான் வந்தேன்.”

பிறகு மேடத்தின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் பேசினார். கிராமத்துப் பெண்களோடு இருபது வருடம் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவருடைய சிங்களம், தங்கு தடை இல்லாமல் வந்தது. சம்பல் நாக்கைக் கொளுத்தும். புளிப்பான வைனைக் குடித்தால் கொளுத்தியது கொளுத்தியபடியே நிற்கும். இதில் இருக்கிற கொஞ்ச இனிப்பு உறைப்பைத் தோளில் கை போட்டு உட்கார வைக்கும். நெத்தலிக்கு இனிப்பு ஆகாது, அதற்குக் குருவி. மாளிகை அந்தக் கோழிக்கும் ஆகாது, வேண்டுமென்றால் பலாக்கொட்டை சுட்டுத் தருகிறேன். சொல்லிவிட்டு, சொன்னதற்குச் சாட்சியாக, துரை முன்னால், கோப்பையில் மொட்டையை ஊற்றிக் கரண்டியால் ‘சர்ர்ர்’ என்று உறிஞ்சி, யன்னலடிக்குப் போய் வெளியே துப்பிவிட்டு வந்து நின்றார்.

மேடம் தனக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். “வாடி வென்ன, அக்கே.” உட்காருங்கள் அக்கா என்று.

இதைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு எப்படி விளங்க வைப்பது என்று தெரியவில்லை. துரைக்கு முன்னால் நாங்கள் உட்காருவதில்லை. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து நின்றே சம்பளம் வாங்கி, நின்றே ஏச்சு வாங்கி, நின்றே பென்சன் கடுதாசியும் வாங்கியவர்கள் நாங்கள். அந்த அறையின் நாற்காலிகளைத் துடைத்திருக்கிறோம், தூக்கியிருக்கிறோம், பாலிஷ் போட்டிருக்கிறோம். அக்கா நாற்காலியை இழுத்தார். அதன் கால் தரையில் உரசிய சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. உட்கார்ந்தார். கரி பட்ட சீலைத் தலைப்பை மடியில் ஒதுக்கிக்கொண்டு ஒரு ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொழும்புக் குக்கு பின்னேர வேனில் போனார், சுட்ட பலாக்கொட்டைப் பொட்டலத்தோடு. இந்தச் சாப்பாடு இருந்தால் மட்டும்தான் ஆட்களை அனுப்புவேன் என்று மேடம் சொல்லிவிட்டுப் போனதால், மலைக்குப் போ என்ற பேச்சைத் துரை மறுபடி எடுக்கவில்லை. மேசையில் வைக்கும் அட்டையில் மட்டும் ரொட்டியையும் சம்பலையும் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர்களில் எழுதச் சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “ரொட்டிக்கு ரொட்டின்னுதான் பேரு. சம்பலுக்கு சம்பல்னுதான் பேரு. வெள்ளக்காரன் அவன் வைனுக்குப் பேர மாத்துனானா?” என்று கேட்டார். அப்படியே எழுதினேன். ரொட்டி, கட்டச்சம்பல். அதற்கு எதிரே, போத்தலைப் பார்த்து எழுத்தெழுத்தாக, மொட்டையின் உண்மையான பெயர்.

என்னோடு அவர் பதினொரு நாள் பேசவில்லை. மீந்துபோன வெள்ளைச் சோஸ் கோழியை இரண்டு நாள் எனக்கு மட்டும் தனியாக எடுத்து வைத்தார். பன்னிரண்டாம் நாள், “கோப்பையக் கழுவு” என்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கோப்பையைக் கழுவினேன். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மறுபடியும் சண்டை மூண்டது. வெள்ளைக்காரர்கள் வரத்து நின்றது, பங்களா பூட்டப்பட்டது. நான் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே வகுப்பெடுத்த கோட்டுக்காரர், உறைப்புச் சாப்பாட்டுக்கு வைன் பொருந்தாது, அதிலும் மலிவு வைன் எதற்குமே பொருந்தாது என்றார். நான் கையைத் தூக்கி எழும்பி நின்றேன். அவர் சொல்வது பிழை என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். புளத்கொகுபிட்டியப் பக்கத்தில் கொழுந்து எடுத்த ஒரு அக்கா சொன்னது என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். அந்த முறை ஆளைச் சரியாகச் சொன்னேன், அதுவும் அக்கா காதில் விழாத இடத்தில். அதுதான் என் வீரம். ஆனாலும் சொன்னதிலிருந்து இறங்கமாட்டேன். கசிப்பைத் தவிர எங்கள் ஆட்களுக்கு வேறு ருசி தெரியாது என்று எவர் சொன்னாலும் இன்றைக்கும் எழும்பி நிற்பேன்.

சண்டை முடிந்த வருடம் அக்காவைப் பார்க்கப் போனேன். ஹோட்டலில் விருந்தினருக்கு வைன் ஊற்றும் உத்தியோகம் கிடைத்திருந்தது, நெஞ்சில் குத்த ஒரு வில்லையும் தந்திருந்தார்கள். இந்தத் தடவை மலிவுச் சரக்கு இல்லை, என் சம்பளத்தில் வாங்கிய நல்ல வெள்ளை வைன். பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் சோதனைக்கு இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரைப் பார்த்த ஆமிக்காரப் பையன் போத்தலைத் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டான். நெத்தலிக்கு என்றேன். அவன் நம்பவில்லை. பஸ்ஸில் இருந்த எல்லாரும் எனக்காக வெயிலில் நின்றார்கள்.

அக்கா லயத்துக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு வீடு கட்டியிருந்தார். தலை நரைத்திருந்தது, குரல் நரைக்கவில்லை. என் வில்லையைப் பார்த்து, “இதென்னடா, மாட்டுக்கு நம்பர் குத்துன மாதிரி?” என்றார். நான் போத்தலைத் திறந்தேன். அவர் உள்ளே போய்க் கோப்பையைக் கொண்டுவந்தார். அதே கோப்பை, விளிம்பில் அதே சிராய்ப்பு. பங்களாவில் இப்போது கூரைத் தகடுகூட மிச்சமில்லை, இது மட்டும் மிஞ்சியிருந்தது. ஊற்றினேன். ஊற்றும்போதே, வருடக்கணக்காக வாய்க்குள் சுழற்றிக்கொண்டிருந்ததைத் துப்பிவிட வேண்டும் என்று தோன்றியது.

“அக்கா, அன்னைக்கு அந்த மேடம் கேட்டப்ப நான்தான்னு சொன்னேன்ல... அது தப்புக்கா. உங்க பேரச் சொல்லியிருக்கணும். என்ன மன்னிச்சிருங்க.”

அக்கா கோப்பையைப் பார்த்தார். ஒரு கரண்டி அள்ளி, பக்கத்து வீட்டுக் கோழி பறக்கும்படி உறிஞ்சினார். நிதானமாக வாய்க்குள் சுழற்றினார். குரோட்டன் செடியடியில் துப்பினார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதையுஞ் சுட வச்சுத்தான் கொண்டாந்தியா?”